மின் மோட்டார் சைக்கிள்: மேட்டில் சூடேறாமல் காப்பது எப்படி?



திம்புள்ளப் பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் அனுபவத்தோடு இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். மண்சரிவு அபாயத்தால் லயத்தை விட்டு எழும்ப வேண்டியிருந்த குடும்பம் அது. புதிய இருப்பிடம் மலையின் மேற்பக்கம். லீக்ஸும் கரட்டும் போட்ட நிலமோ பழைய இடத்திலேயே, மூன்று கிலோமீற்றர் கீழே. தலைச்சுமையாய் எத்தனை நாள் ஏற்றுவது? கடன் வாங்கி, பழைய பெற்றோல் மோட்டார் சைக்கிள் ஒன்றை மின்சாரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

சில வாரங்களில் அந்தத் தம்பி என்னிடம் வந்தார்.

"பாதர், மூட்டையோட ஏறும்போது பாதி மேட்டுல வண்டி சத்தில்லாமப் போயிருச்சுங்க. கராஜ்ல காட்டினேன். போன்ல என்னமோ நம்பரைக் கூட்டி விட்டாங்க. ரெண்டு நாள் நல்லா ஏறிச்சு. மூணாவது நாள் கருகின வாடை வந்து நின்னுருச்சு."

"எந்த நம்பரைக் கூட்டினாங்க, தம்பி?"

"அது தெரியாதுங்களே, பாதர்."

மோட்டரின் செம்புச் சுருள் கருகிவிட்டது. ஒரு போகத்து மரக்கறிப் பணம் அதோடு போயிற்று. கடன் மட்டும் மிஞ்சியது. "அது தெரியாதுங்களே" என்ற அந்தப் பதிலுக்காகவே இந்தப் பாடத்தை எழுதுகிறேன். நம் வண்டிக்குள் இருக்கும் எண்களை நாமே அறிந்திருக்க வேண்டும். நாம் வழக்கமாகக் குழுக்களில் பின்பற்றும் பார், சிந்தி, செயற்படு என்ற முறையிலேயே போவோம்.

பார்

2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு கியூ.ஆர். முறை வந்தபோது ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. மரக்கறி தோட்டத்தில் அழுகியது. வண்டி வாசலில் நின்றது. பெற்றோல் வண்டியை மின்சாரத்துக்கு மாற்றினால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் நம் நாட்டில் பரவியது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் பெற்றோல் ஓட்டோக்களை மின்சாரத்துக்கு மாற்றும் முன்னோடி முயற்சியில் இறங்கியது. நம்மைப் போலவே மலையும் பள்ளமுமான ருவாண்டா நாட்டில், கிகாலி நகரத்து மோட்டார் சைக்கிள் டாக்சிகள் 2019 முதல் மின்சாரத்துக்கு மாறத் தொடங்கின. ஆகவே மலைநாட்டில் மின் வண்டி ஓடாது என்று சொல்ல முடியாது. ஓடும். ஆனால் அது மலைக்கு ஏற்றபடி சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும்.

2025 நவம்பரில் வந்த டித்வா சூறாவளிக்குப் பின், வீடு ஓரிடம், நிலம் வேறிடம் என்றாகிவிட்ட குடும்பங்கள் நம்மிடையே கூடிவிட்டன. அவர்களுக்கு வண்டி ஆடம்பரம் அல்ல. அதனால்தான் அது கருகும்போது குடும்பமே நின்றுவிடுகிறது.

மாற்றிய வண்டியில் முக்கியமானவை மூன்று. முதலாவது பற்றரி. இரண்டாவது மோட்டர், பெரும்பாலும் அது பின் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும். மூன்றாவது இவை இரண்டுக்கும் இடையில் உள்ள அலுமினியப் பெட்டி, அதாவது கொன்ட்ரோலர். பற்றரியிலிருந்து அதற்குள் இரண்டு தடித்த வயர்கள் போகும். அதிலிருந்து மோட்டருக்கு மூன்று தடித்த வயர்கள் வரும்.

இந்தப் பெட்டி பெற்றோல் வண்டியின் கியரைப் போல வேலை செய்கிறது. முதலாம் கியரில் வேகம் குறைவு, இழுவை அதிகம் அல்லவா? அதுபோல, வண்டி மெதுவாக ஏறும்போது கொன்ட்ரோலர் பற்றரியிலிருந்து கொஞ்சம் கரண்டை எடுத்து, அழுத்தத்தைக் குறைத்து, மோட்டருக்குப் பல மடங்கு கரண்டாகக் கொடுக்கிறது. ஆகவே ஒரு வண்டியில் இரண்டு கரண்ட்கள் உண்டு. ஒன்று பற்றரி கரண்ட். மற்றது மோட்டர் கரண்ட். போன் செயலியில் மோட்டர் கரண்டைப் 'பேஸ் கரண்ட்' என்பார்கள். பற்றரி கரண்டை 'பஸ் கரண்ட்' என்றும் சில கொன்ட்ரோலர்களில் 'லைன் கரண்ட்' என்றும் குறிப்பார்கள். பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். எது பற்றரிப் பக்கம், எது மோட்டர்ப் பக்கம் என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

சிந்தி

மோட்டரைச் சுட வைப்பது மோட்டர் கரண்ட். செம்புக் கம்பியில் கரண்ட் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். கரண்டை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் சூடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். வண்டி, ஓட்டுபவர், மரக்கறி எல்லாம் சேர்த்து 230 கிலோ என்று வைப்போம். பாதை 12 அடிக்கு ஒரு அடி ஏறுகிறது. 230 ஐ 12 ஆல் பிரித்தால் சுமார் 19 கிலோ. டயரும் கரடுமுரடான பாதையும் இன்னுமொரு 4 கிலோ பிடித்து இழுக்கும். ஆக, 23 கிலோவைக் கயிற்றில் கட்டித் தூக்குவதற்கு வேண்டிய இழுவையை மோட்டர் ஓயாமல் கொடுக்க வேண்டும். 72 வோல்ற்றில் ஓடும், 17 அங்குலச் சக்கரத்தில் பொருத்திய, 1,500 வொற் அளவான ஒரு மோட்டருக்கு இந்த இழுவைக்குச் சுமார் 60 அம்பியர் மோட்டர் கரண்ட் வேண்டியிருக்கும்.

அந்த மேட்டில் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் ஏறினால் பற்றரி மீற்றர் சுமார் 27 அம்பியர் காட்டும். 12 கிலோமீற்றர் வேகத்தில் ஏறினால் சுமார் 15 அம்பியர்தான் காட்டும். மீற்றரைப் பார்ப்பவர், "மெதுவாகப் போகிறேன், மோட்டருக்குச் சிரமமில்லை" என்று நினைப்பார். அது தவறு. சுமையும் ஏற்றமும் மாறவில்லை. ஆகவே மோட்டருக்குள் ஓடுவது இரு தடவையும் அதே 60 அம்பியர். சுருளில் பிறக்கும் சூடும் ஒன்றே, சுமார் 360 வொற். மெதுவாகப் போகிறவர் அந்தச் சூட்டை இரு மடங்கு நேரம் தாங்க வேண்டும்.

வெளியே போகும் சூட்டைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஐந்து கிலோ எடையுள்ள மோட்டர் நடுப்பாகம் 25 கிலோமீற்றர் வேகத்தில் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறக்குறைய 25 பாகை சூடேறும். பாதி வேகத்தில் ஏறக்குறைய 50 பாகை. மூன்று கிலோமீற்றர் ஏறினால்? முதலாமவருக்கு 75 பாகை கூடும். இரண்டாமவருக்கு 150 பாகை. கொஞ்சம் வெளியே போய்விடும் என்றாலும், நம் தம்பியின் மோட்டர் ஏன் கருகியது என்பதற்கு இந்தக் கணக்கே பதில் சொல்கிறது.

மோட்டர் எவ்வளவு தாங்கும்? தரமான சுருளின் மேற்பூச்சு 155 பாகை வரை தாங்கும். சாதாரண வகைக் காந்தங்கள் 80 பாகைக்கு மேலேயே பலம் இழக்கத் தொடங்கும். சிறந்தவை 120 அல்லது 150 பாகை வரை தாங்கும். ஒருமுறை அளவு கடந்து சூடேறி இழந்த காந்தப் பலம் ஆறிய பின்னும் திரும்புவதில்லை. பிறகு அதே இழுவைக்கு இன்னும் கூடுதலான கரண்ட் வேண்டும். சூடு இன்னும் கூடும்.

கையால் தொட்டுப் பார்ப்பதை நம்ப வேண்டாம். சுருள் நடுவில் இருக்கிறது. நாம் தொடுவது வெளிக்கூடு. இரண்டுக்கும் இடையில் காற்று. கூடு கை பொறுக்கும் அளவில் இருக்கும்போதே உள்ளே கருகும் அளவு சூடு இருக்கலாம்.

பிலயாமின் கழுதையை நீங்கள் அறிவீர்கள். எண்ணிக்கை நூலின் 22 ஆம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சி அது. வழியில் வாளோடு நின்ற தூதரைக் கழுதை கண்டது, ஏறியிருந்தவர் காணவில்லை. கழுதை மூன்று முறை விலகியது. அவர் மூன்று முறை அடித்தார். அவருடைய உயிரைக் காத்தது அந்தக் கழுதை நின்ற நிலைதான். கொன்ட்ரோலர் மேட்டில் சக்தியைக் குறைப்பதும் இப்படித்தான். நாம் காணாத சூட்டை அது காண்கிறது. ஏன் குறைத்தது என்று கேட்காமல் எண்ணைக் கூட்டுவது கழுதையை அடிப்பதற்குச் சமம்.

அப்படியானால் மோட்டர் கரண்டை மிகவும் குறைத்து வைத்துவிடலாமா? அதுவும் கூடாது. மேட்டுக்கு 60 அம்பியர் வேண்டுமென்றால், 50 இல் வரம்பு வைத்த வண்டி சுமையோடு நடுமேட்டில் நின்றுவிடும். சக்கரம் சுற்றாமல் கரண்ட் ஓடினால் சூடு ஒரே இடத்தில் குவியும். வண்டி பின்னால் உருளவும் கூடும். கீழே பள்ளம் இருக்கும் தோட்டப் பாதையில் அது உயிர் ஆபத்து.

ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது எண் அல்ல, சுமை. முன்சொன்ன கணக்கில் 40 கிலோ மரக்கறியை மட்டும் குறைத்துப் பாருங்கள். இழுவை 23 கிலோவிலிருந்து 19 கிலோவாகும். சூடோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். எந்தக் கராஜும் போனைத் தட்டி இந்தப் பலனைத் தர முடியாது. மலைக்கு ரயில் பாதை போட்டவர்களும் இதையே செய்தார்கள். 1885 இல் நானுஓயா வரை வந்த அந்தப் பாதையை 44 அடிக்கு ஒரு அடிக்கு மேல் ஏறாதபடி வளைத்து வளைத்துக் கொண்டுவந்தார்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் பின்னால் இன்னோர் எஞ்சினும் வைத்துத் தள்ளினார்கள். எஞ்சினை வருத்தவில்லை, ஏற்றத்தைக் குறைத்தார்கள், சுமையைப் பகிர்ந்தார்கள்.

செயற்படு

1. ஏற்றத்தை அளவிடுங்கள். நான்கு அடிப் பலகை ஒன்றும் மேசன்மார் வைத்திருக்கும் மட்டமும் போதும். உங்கள் பாதையில் மிகவும் செங்குத்தான இடத்தில் பலகையை வைத்து, கீழ்ப்பக்க நுனியை மட்டம் வரும்வரை தூக்குங்கள். அந்த நுனிக்கும் நிலத்துக்கும் இடைவெளி 4 அங்குலம் என்றால் 12 க்கு 1. 6 அங்குலம் என்றால் 8 க்கு 1; அங்கே சுமையைக் கட்டாயம் குறைக்க வேண்டும்.

2. இருக்கும் எண்களை எழுதி வையுங்கள். எதையும் மாற்றும் முன் செயலியின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, கொப்பியிலும் எழுதுங்கள். கராஜில் மாற்றினால் மாற்றிய எண்ணையும் திகதியையும் அவர்கள் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பணம் கொடுப்பவர் நீங்கள். கேட்பது உங்கள் உரிமை.

3. வெறும் சக்கரத்தைச் சோதியுங்கள். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அக்சிலேற்றரை முழுதாக முறுக்கிப் பாருங்கள். நல்ல மோட்டர் பற்றரியிலிருந்து சில அம்பியர்தான் எடுக்கும். அதற்கு மிக அதிகமாக எடுத்தாலோ, கரகரவென்று அதிர்ந்தாலோ, மோட்டர் வயர்களும் சென்சர் வயர்களும் சரியாகச் சேரவில்லை, அல்லது பிரேக் உரசுகிறது. இதைத் திருத்தாமல் எந்த எண்ணை மாற்றியும் பயனில்லை.

4. பற்றரி கரண்ட் வரம்பு. பற்றரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பலகை தொடர்ச்சியாக எத்தனை அம்பியர் தாங்கும் என்று கேளுங்கள். அதற்குக் கீழேயே வரம்பு இருக்க வேண்டும். 50 என்றால் 40 வைக்கலாம். இல்லாவிட்டால் நடுமேட்டில் பற்றரி முழுதாகவே அணைந்துவிடும்.

5. மோட்டர் கரண்ட் வரம்பு. இதுதான் முக்கியமானது. குறைந்த எண்ணில் தொடங்குங்கள். நீங்கள் தீர்மானித்த சுமையோடு, அளந்த செங்குத்தான இடத்தில் நிறுத்தி, மீண்டும் கிளப்பிப் பாருங்கள். கிளம்பாவிட்டால் 5 அல்லது 10 அம்பியர் கூட்டுங்கள். ஒருவர் பின்னால் நின்று சக்கரத்துக்குக் கல் வைக்கத் தயாராக இருக்கட்டும். எந்த எண்ணில் தடுமாறாமல் கிளம்புகிறதோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கூட்டும் ஒவ்வொரு அம்பியரும் சூட்டுக்கே போகும்.

6. கிளம்பும் வேகம். அக்சிலேற்றரை முறுக்கியதும் கரண்ட் பாயாமல் மெல்ல ஏறும்படி வைக்கலாம். சுமையோடு போகும் வண்டிக்கு இது நல்லது.

7. அதிவேகத்துக்கான அமைப்பை அணைத்து வையுங்கள். சில கொன்ட்ரோலர்களில் மோட்டரின் இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடுதல் கரண்ட் செலுத்தும் வசதி உண்டு. நம் பாதைகளுக்கு அது தேவையில்லை.

8. வெப்பச் சென்சர். மோட்டருக்குள் சென்சர் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். இருந்தால் அதன் வகையைச் செயலியில் சரியாகத் தெரிவு செய்ய வேண்டும். தவறான வகையைத் தெரிவு செய்தால் தவறான பாகை காட்டும். காலையில், இரவெல்லாம் நின்ற வண்டியில் பாருங்கள். வெளியே 15 பாகை குளிரென்றால் மோட்டரும் ஏறக்குறைய 15 காட்ட வேண்டும். 60 காட்டினால் வகை பிழை. 100 பாகையில் சக்தி குறையத் தொடங்கவும் 120 இல் நிற்கவும் வைப்பது பொதுவாகப் பாதுகாப்பானது. மோட்டர் செய்தவர்கள் அதைவிடக் குறைத்துச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

9. இறக்கத்தில் பற்றரிக்குச் சார்ஜ் திருப்பும் பிரேக். இதுவும் மோட்டரைச் சுட வைக்கும். மேலே வீட்டில் பற்றரியை முழுதாக நிரப்பிக்கொண்டு உடனே இறங்கினால், திரும்பும் மின்சாரத்துக்கு இடமிராது. பாதுகாப்புப் பலகை துண்டித்துவிட, அந்தப் பிரேக் திடீரென்று இல்லாமற் போகும். அதைக் குறைவாக வையுங்கள். சாதாரண பிரேக்குகளை ஒருபோதும் கழற்ற விடாதீர்கள்.

10. கொன்ட்ரோலர் பெட்டிக்குக் காற்று வேண்டும். சீட்டுக்கு அடியில் துணி சுற்றி மூட வேண்டாம். அலுமினியப் பக்கம் வண்டியின் இரும்போடு நன்றாகப் பொருந்தி, காற்றுப் படும்படி இருக்கட்டும். மழைநீர் வயர் வழியே உள்ளே போகாமல், வயர் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே தொங்கி மேலே வளையட்டும். தளர்ந்த வயர் முனையும் சூடேறும். மாதம் ஒருமுறை இறுக்குங்கள்.

ஓட்டும் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். நீண்ட மேட்டில் ஊர்ந்து போகாமல், பாதை இடம் கொடுத்தால் 20 முதல் 25 கிலோமீற்றர் வேகத்தில் ஒரே சீராக ஏறுங்கள். அந்த வேகத்தில் ஏற முடியாவிட்டால் சுமை அதிகம் என்று பொருள். பாதியை இறக்கி இரண்டு தடவையாக ஏற்றுங்கள். இரண்டு தடவைக்கும் இடையில் மோட்டர் ஆறட்டும். கருகிய வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள். சூடான மோட்டரில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஒரு கொப்பியில் முதல் மாதம் முழுவதும் எழுதுங்கள்: திகதி, சுமை எத்தனை கிலோ, ஏறும் முன் எத்தனை பாகை, ஏறிய பின் எத்தனை பாகை. பத்து நாள் எழுதினால் உங்கள் வண்டியின் அளவு உங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் பெற்றோல் என்றே இருக்கும். மாற்றும் முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்து அங்கீகாரம் பெறுங்கள். காப்புறுதிக்கும் அது தேவை. அடுத்து, லயத்துக்குள் பழைய வயரில் இரவு முழுவதும் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். ஒரு காம்பரா பற்றினால் முழு லயமும் பற்றும்.

குழுவில் கலந்துரையாட

1. நம் குழுவில் யாருடைய பாதையில் ஏற்றம் மிக அதிகம்? அடுத்த கூட்டத்துக்கு முன் அளந்து வர முடியுமா?

2. விளம்பரத்தில் சொல்லும் தூரமும் வேகமும் சமதரைக்கு உரியவை. கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் முன், நம் மேட்டில் நம் சுமையோடு ஓட்டிக் காட்டும்படி கேட்க நமக்கு ஏன் தயக்கம்?

3. நான்கு குடும்பங்கள் தனித்தனியே கடன்பட்டு நான்கு வண்டிகளை வருத்துவதா? அல்லது மரக்கறியைச் சேர்த்து ஒரு ஓட்டோவில் அனுப்பி, மோட்டார் சைக்கிளை இலேசான வேலைக்கு வைத்துக்கொள்வதா? இரண்டு கணக்கையும் எழுதிப் பாருங்கள்.

4. நம் வீடுகளில் தாங்க முடியாத சுமையை யார் சுமக்கிறார்கள்? அவர்கள் நின்றபோது நாம் என்ன செய்தோம்?

அந்தத் தம்பி மோட்டரைத் திரும்பச் சுற்றுவித்துவிட்டார். சென்சரும் போட்டிருக்கிறார். இப்போது மூட்டை பாதி, நடை இரண்டு. சட்டைப் பையில் ஒரு சிறு கொப்பி. போன வாரம் கேட்டேன், "எந்த நம்பர், தம்பி?" கொப்பியைத் திறந்து காட்டினார்: மோட்டர் 70, பற்றரி 40, மேட்டு உச்சியில் 88 பாகை.